படப்பெட்டிக்கு அப்பால்: 'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்தின் வசூலை முன்வைத்து

1999 பிப்ரவரி 19-ஆம் நாள், வட அமெரிக்காவில் சுமார் 1,740 திரையரங்குகளில் 'ஆபீஸ் ஸ்பேஸ்' என்ற பணியிட நகைச்சுவைப் படம் வெளியானது. எழுதி இயக்கியவர் மைக் ஜட்ஜ். தயாரித்து வெளியிட்டது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். தயாரிப்புச் செலவு ஏறக்குறைய 1 கோடி டாலர். முதல் மூன்று நாள் வசூல் 42 லட்சம் டாலர். ஓட்டம் முடிந்து பெட்டி திரும்பியபோது உள்நாட்டு வசூல் சுமார் 1.08 கோடி டாலரில் நின்றிருந்தது.

போட்டது வந்துவிட்டதே, இதில் தோல்வி எங்கே என்று கேட்கத் தோன்றும். திரையரங்கில் வசூலாகும் பணத்தில் ஏறக்குறைய பாதி அரங்கத்தாருக்குப் போய்விடும். எஞ்சிய ஐம்பத்து நான்கு லட்சத்தில்தான் நிறுவனம் மற்றச் செலவுகளைக் கழிக்க வேண்டும். அது ஃபிலிம் சுருள் காலம். ஒரு பிரதிக்கு 1,500 டாலர் என்று குறைவாக வைத்தாலும் 1,740 பிரதிகளுக்கு 26 லட்சம் டாலர் ஆகிறது. தொலைக்காட்சி விளம்பரம், நாளிதழ் விளம்பரம், சுவரொட்டி எல்லாம் அதற்கு மேல். ஆக, தயாரிப்புச் செலவில் ஒரு டாலர்கூட திரையரங்கிலிருந்து மீளவில்லை என்று கொள்வதில் பிழையிராது. இதே ஜட்ஜின் 'பீவிஸ் அண்ட் பட்ஹெட் டூ அமெரிக்கா' 1996-இல் உள்நாட்டில் மட்டும் 6 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இந்த 1.08 கோடி எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சுவரொட்டி. உடம்பு முழுக்க மஞ்சள் குறிப்புத்தாள்கள் ஒட்டப்பட்ட ஒரு மனிதன் கையில் பெட்டியோடு நிற்கிறான், முகம் தெரிவதில்லை. இது எழுதுபொருள் கடை விளம்பரமா, பறவை வேடமா என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள் என்பது ஜட்ஜே பேட்டிகளில் பகிர்ந்த மனக்குறை. ரசிகர்கள் இதை ஒரு தொன்மமாகவே ஆக்கிவிட்டார்கள்: நல்ல படம், மோசமான விளம்பரம், பின்னாளில் நீதி கிடைத்தது. கேட்பதற்கு இதமான கதை. ஆனால் எண்கள் இதை முழுவதுமாக ஏற்கவில்லை.

சுவரொட்டி கெடுக்கக்கூடியது முதல் வெள்ளிக்கிழமையை. இரண்டாவது, மூன்றாவது வெள்ளிக்கிழமைகளைத் தீர்மானிப்பது முதல் வாரம் பார்த்துவிட்டு வந்தவர்களின் வாய். 'ஆபீஸ் ஸ்பேஸ்' வெளியான அதே நாளில் 'அக்டோபர் ஸ்கை' என்ற படமும் வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊரில் ராக்கெட் செய்யும் சிறுவர்களைப் பற்றிய கதை. அதற்கும் கூட்டம் இழுக்கும் நட்சத்திரம் கிடையாது, பெயரைக் கேட்டால் கதை புரியாது. முதல் வார இறுதியில் அது எடுத்தது 59 லட்சம் டாலர்; மொத்தத்தில் சுமார் 3.25 கோடி. தொடக்கத்தைப்போல் ஐந்தரை மடங்கு ஓடியது. 'ஆபீஸ் ஸ்பேஸ்' ஓடியது இரண்டரை மடங்கு. தன் மொத்த வசூலில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டை முதல் மூன்று நாளிலேயே எடுத்து முடித்துவிட்ட படம் அது. பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம், ஆனால் மறுநாள் யாரையும் கையைப் பிடித்து அரங்குக்கு அழைத்துச் செல்லவில்லை. விளம்பரத்தைக் குறை சொல்லும் வாதம் இந்த இடத்தில் திணறுகிறது. அந்தப் படத்தின் உருவத்திலேயே, அது சிரிப்பை ஈட்டும் விதத்திலேயே, திரையரங்கோடு ஒத்துப்போகாத ஏதோ இருந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் ஒரு காலைநேரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இனிடெக் என்ற மென்பொருள் நிறுவனத்தில் பீட்டர் கிப்பன்ஸ் (ரான் லிவிங்ஸ்டன்) தன் தடுப்பறையில் வந்து உட்காருகிறான். மேலாளர் பில் லம்பர்க் (கேரி கோல்) காப்பிக் கோப்பையோடு வந்து தடுப்பில் சாய்ந்துகொள்கிறார். டிபிஎஸ் அறிக்கையின்மேல் புதிய முகப்புத் தாளை வைக்க மறந்துவிட்டாயே என்கிறார். குரலில் கோபம் துளியும் இல்லை. வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசுகிறார். தெரியும், மறந்துவிட்டேன், இனிமேல் வைத்துவிடுகிறேன் என்று பீட்டர் சொன்ன பிறகும், சுற்றறிக்கையின் நகலை மறுபடியும் அனுப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து இன்னொரு மேலாளர் வந்து அதையே சொல்கிறார். பிறகு தொலைபேசி ஒலிக்கிறது. அதிலும் அதே முகப்புத் தாள். ஆட்குறைப்புக்காக வரவழைக்கப்பட்ட இரு ஆலோசகர்களிடம் பீட்டர் பின்னால் சொல்கிறான்: எனக்கு எட்டு மேலாளர்கள்.

இந்தக் காட்சியில் வில்லன் கிடையாது. லம்பர்க் எரிச்சலூட்டுகிறார்; கொடுமை எதுவும் செய்வதில்லை. அவரை வீழ்த்தினால் ஏழு பேர் மிச்சம். சிரிப்பு பிறப்பது முதல் முறையில் அல்ல, மூன்றாவது முறையில். சலிப்பைப் பற்றிய நகைச்சுவை என்பதால் சலிப்பின் உத்தியையே, அதாவது திரும்பத் திரும்ப வருவதையே, படம் தன் உத்தியாக எடுத்துக்கொள்கிறது. உணவகத்தில் பணிபுரியும் ஜோனா (ஜெனிஃபர் அனிஸ்டன்) தன் சீருடைப் பட்டையில் குறைந்தது 15 அலங்கார வில்லைகள் குத்தியிருக்க வேண்டும். அவள் சரியாகப் பதினைந்து குத்தியிருக்கிறாள். ஆனாலும் மேலாளருக்கு மனக்குறை: குறைந்தபட்சம் மட்டும் செய்தால் போதுமென்று நினைக்கிறாயா? விதியை மீறினால் குற்றம், விதிப்படி நடந்தாலும் குற்றம். சம்பளத்துக்கு வேலை பார்த்த எவருக்கும் இது எங்கோ குத்தும். ஆனால் அந்தக் குத்தல், அரங்கம் அதிர எல்லோரும் ஒரே நொடியில் வெடிக்கும் சிரிப்பாக மாறுவதில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, தன் மேலாளர் கோப்பையோடு வந்து நிற்கும்போதுதான் அது முழுமையடைகிறது. அதற்குள் படம் பக்கத்துத் திரையரங்கிலிருந்து போயிருக்கும்.

ஒப்பீட்டுக்கு இதே ஃபாக்ஸ் நிறுவனத்தின் இன்னொரு படம் கைகொடுக்கிறது. 1980 டிசம்பரில் வெளியான 'நைன் டு ஃபைவ்'. செலவு அதற்கும் 1 கோடி டாலர்தான்; உள்நாட்டு வசூலோ 10.3 கோடி டாலர். பணவீக்கத்தைக் கழித்துப் பார்க்க நுழைவுச்சீட்டாக மாற்றிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 1980-இல் சராசரிச் சீட்டு விலை 2.69 டாலர், 1999-இல் 5.08 டாலர். அந்தக் கணக்கில் 'நைன் டு ஃபைவ்' படத்துக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் சீட்டுகள் விற்றிருக்கின்றன. 'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்துக்கு 21 லட்சம். பதினெட்டு மடங்கு வேறுபாடு. ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லின், டாலி பார்ட்டன் என்ற மூன்று பெயர்களும் பார்ட்டனின் தலைப்புப் பாட்டும் இதில் பெரும்பங்கு வகித்தன என்பதை மறுப்பதற்கில்லை. அக்காலத்தில் படங்கள் மாதக்கணக்கில் ஓடின என்பதும் உண்மை. இருந்தும் ஒன்று எஞ்சுகிறது. அந்தப் படத்தில் மேலாளருக்கு ஒரு முகம் இருக்கிறது. ஃபிராங்க்ளின் ஹார்ட் பெண் ஊழியரைச் சீண்டுகிறார், அடுத்தவர் யோசனையைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்கிறார், பதவி உயர்வை ஆணுக்குக் கொடுக்கிறார். மூன்று பெண்களும் அவரைக் கடத்திக் கட்டிவைக்கும்போது அரங்கமே கைதட்டத் தயாராக இருக்கிறது. பாஸ்டன் நகர அலுவலகப் பெண்கள் 1973-இல் தொடங்கிய 'நைன் டு ஃபைவ்' அமைப்பிலிருந்துதான் படத்துக்கான எண்ணமே பிறந்தது. கோரிக்கை உண்டு, எதிரி உண்டு, கூட்டமும் ஏற்கெனவே திரண்டிருந்தது.

'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்தின் நாயகனுக்குக் கோரிக்கையே கிடையாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவன் ஆசை. அப்படிச் சொன்னதற்காக ஆலோசகர்கள் அவனுக்குப் பதவி உயர்வு தருகிறார்கள். இதை எந்தச் சுவரொட்டியில் வரைவது? எழுதுபொருள் கடையை நினைவூட்டிய அந்தச் சுவரொட்டியை உருவாக்கியவரை நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன்.

இனி இரண்டாம் கணக்கு. படம் வெளியான காலம் வீட்டுத் திரைச் சந்தை மாறிக்கொண்டிருந்த காலம். அதுவரை வீடியோ ஒளிநாடாக்கள் பெரும்பாலும் வாடகைக் கடைகளுக்கென ஏறக்குறைய 100 டாலர் விலையில் விற்கப்பட்டன. 1997-இல் அமெரிக்காவில் அறிமுகமான டிவிடி, இருபது முப்பது டாலருக்குள் பார்வையாளரே வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாக வந்தது. வாடகைக்கு எடுப்பவன் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். வாங்கியவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான், அலுவலக நண்பனுக்கும் கொடுக்கிறான். 2001-இல் காமெடி சென்ட்ரல் அலைவரிசை படத்தை ஒளிபரப்பத் தொடங்கி, சலிக்காமல் மறுஒளிபரப்புச் செய்தது. 2003 வாக்கில் நாடாவும் டிவிடியுமாக 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருந்தன. மேலே கண்ட 21 லட்சம் நுழைவுச்சீட்டோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அரங்கில் உட்கார ஐந்து டாலர் கொடுத்தவர்களைவிட, அலமாரியில் வைத்துக்கொள்ள அதைப்போல் சில மடங்கு கொடுத்தவர்கள் அதிகம். வசூல் வரலாற்றில் இது சாதாரணமாக நடப்பதல்ல.

டாலரில் அளக்க முடியாத தடயமும் ஒன்று உண்டு. அதே அலுவலகத்தின் ஊழியன் மில்டன் (ஸ்டீஃபன் ரூட்), பிறர் பறித்துவிடுவார்களோ என்று நெஞ்சோடு அணைத்துவைத்திருக்கும் சிவப்பு ஸ்டேப்ளர் ஸ்விங்லைன் நிறுவனத்தின் மாதிரி. ஆனால் அப்போது அந்த நிறுவனம் அதைச் சிவப்பில் விற்கவில்லை. படக்குழுவினர்தான் வண்ணம் பூசினார்கள். கேட்டு வந்தவர்கள் பெருகப் பெருக, 2002-இல் நிறுவனமே சிவப்பு ஸ்டேப்ளரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் அதை அலுவலக மேசைமேல்தான் வைத்தார்கள். படத்தின் உண்மையான அரங்கம் எது என்பதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

     

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். அரங்கில் தோற்று வீட்டில் வென்ற படங்கள் அக்காலத்தில் பல. 'தி ஷாஷங்க் ரிடெம்ப்ஷன்' (1994) சிறைக்கதை, 'தி பிக் லெபாவ்ஸ்கி' (1998) வேலையே பார்க்காதவனின் கதை. அப்படியிருக்க, பணியிட நகைச்சுவைக்கென்று தனிக் காரணம் எதற்கு, எல்லாவற்றையும் தூக்கிவிட்டது தொலைக்காட்சியும் டிவிடியும்தானே என்று கேட்கலாம். மறுமலர்ச்சிக்கு அந்தக் கருவி பொதுவானது என்பதை ஏற்கலாம். நான் விளக்க முயல்வது அரங்கத் தோல்வியை. அதற்குச் சோதனை, பணியிட நகைச்சுவைகளுக்கு உள்ளேயே வில்லன் உள்ள படத்தையும் இல்லாத படத்தையும் பிரித்துப் பார்ப்பது.

2011-இல் வந்த 'ஹாரிபிள் பாஸஸ்' 'நைன் டு ஃபைவ்' வழியில் போனது. மூன்று ஊழியர்கள், மூன்று கொடிய மேலாளர்கள், கொன்றுவிடலாமா என்ற யோசனை. தலைப்பிலேயே எதிரி. செலவு 3.5 கோடி டாலர். உள்நாட்டு வசூல் 11.7 கோடி. இதற்கு இரண்டாண்டு முன்னால், 2009 செப்டம்பரில், மைக் ஜட்ஜே மறுபடியும் பணியிடத்துக்குத் திரும்பியிருந்தார். 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற அந்தப் படத்தில் நாயகன் ஒரு நறுமணச் சாறு தொழிற்சாலையின் முதலாளி. இப்போது பார்வை மேலாளர் பக்கத்திலிருந்து. அப்போதும் வில்லன் கிடையாது. தொழிற்சாலையில் ஒரு விபத்து, அதைச் சுற்றி ஆளாளுக்கு ஒரு சின்னக் கணக்கு, அவ்வளவுதான். வெளியிட்டது ஃபாக்ஸ் அல்ல, மிராமேக்ஸ். நடித்தவர்கள் ஜேசன் பேட்மன், மிலா கூனிஸ், கிறிஸ்டன் விக், பென் அஃப்லெக். 'ஆபீஸ் ஸ்பேஸ்' இயக்குநர் என்ற பெயரே விளம்பரத்துக்குப் போதுமான மூலதனம். முதல் வார இறுதி வசூல் சுமார் 43 லட்சம் டாலர். மொத்த உள்நாட்டு வசூல் சுமார் 1.08 கோடி.

பத்தாண்டு இடைவெளி, வேறு நிறுவனம், வேறு சுவரொட்டி, லட்சக்கணக்கில் டிவிடி வாங்கிய ரசிகர் படை. எண் மட்டும் அதே எண். சீட்டு விலை 7.50 டாலராக உயர்ந்திருந்ததால் ஆள்கணக்கில் பார்த்தால் குறைவும்கூட: 14 லட்சம் பேர். ஒரே ஒரு இணையை வைத்துக்கொண்டு விதி வகுக்க முடியாதுதான். 'எக்ஸ்ட்ராக்ட்' முந்தைய படத்தளவு கூர்மையானதும் அல்ல. ஆனால் விளம்பரம்தான் காரணம் என்பவர்கள் இந்த இணைக்கு விடை சொல்லியாக வேண்டும். நடைமுறையையே எதிரியாகக் கொண்ட பணியிட நகைச்சுவை அதற்குள் வேறு வீட்டுக்கு, அதாவது தொலைக்காட்சிக்கு, குடிபெயர்ந்திருந்தது. பிபிசியின் 'தி ஆபீஸ்' 2001-இல் தொடங்கியது, அதன் அமெரிக்க வடிவம் 2005-இல். ஒரே மேலாளர், ஒரே தடுப்பறை, வாரம் தவறாமல். ஜட்ஜும் 2014-இல் 'சிலிக்கன் வேலி'யோடு எச்பிஓவுக்குப் போனார். அது ஆறு பருவங்கள் ஓடியது.