தீவாந்தரத்தின் இரு தன்வரலாறுகள்

அந்தமான் கைதிகளின் தன்வரலாறுகளைத் தியாகச் சான்றுகளாக மட்டும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு நூல்களை அருகருகே வைத்தால் அவ்வாசிப்பின் போதாமை புலப்படும்.

1864ஆம் ஆண்டின் அம்பாலா வஹாபி வழக்கில் மரண தண்டனை பெற்றவர் முகம்மது ஜாபர் தானேசரி. அது ஆயுள் தீவாந்தரமாகக் குறைக்கப்பட்டு, 1866 சனவரியில் போர்ட் பிளேர் சேர்ந்தார். செல்லுலார் சிறை அப்போது இல்லை. கைதிக் குடியேற்றத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அதிகாரிகளுக்கு மொழி கற்பித்தார். தாமும் ஆங்கிலம் கற்றார். மணம் புரிந்து குடும்பத்தவரானார். 1883இல் விடுதலை பெற்றபின் அவர் உருதுவில் எழுதிய ‘காலா பானி’ சமயப் பற்றாளர் ஒருவர் அயல் ஆட்சியின் நடுவே வாழப் பழகிய வரலாறு.

அலிப்பூர் வழக்கில் பாரீந்திர குமார் கோஷின் மரண தண்டனையும் தீவாந்தரமாகவே குறைந்தது. 1909இன் இறுதியில் அவர் அனுப்பப்பட்ட அந்தமானில் தனிக்கொட்டடியும் எண்ணெய்ச் செக்கும் காத்திருந்தன. 1920இல் விடுதலையானார். அவரது நினைவுநூலின் ஆங்கில வடிவம், தமையனார் அரவிந்தர் வாழ்ந்த புதுச்சேரியிலிருந்து 1922இல் வெளிவந்தது.

ஒருவர் கண்டது குடியேற்றம். மற்றவர் கண்டது சிறைக்கூடம். இவ்வேறுபாடு மனிதர்களின் மன உறுதியைச் சார்ந்ததன்று. இடைக்காலத்தில் மாறிய தண்டனைக் கொள்கையைச் சார்ந்தது.

இருவரையும் இணைப்பது எழுத்தறிவு. அது வாய்க்காத பல்லாயிரம் கைதிகள் அரசுப் பதிவேடுகளில் எண்களாகவே எஞ்சினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர். ஆகவே இந்நூல்களில் நாயகருக்கு அருகே பெயரின்றிக் கடந்துபோகும் மனிதர்களையும் தேடி வாசிப்பதே வரலாற்று மாணவரின் கடமை.