நந்தனார் கதை வளர்ந்த வகை

ஒரு பக்திக் கதையில் யார் பேசுகின்றார், யார் வாய்மூடி நிற்கின்றார் என நோக்குவதும் வரலாற்று மாணவன் கடமையே. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் கதையைக் காண்போம்.

8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் அவர் பெயரை மட்டும் போற்றினார். பின்வந்த நம்பியாண்டார் நம்பி, ஆதனூர்ப் புலையர் முனிவரான செய்தியை ஒரு செய்யுளில் அடக்கினார். விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரே. மாமரத்தில் பறைகள் தொங்கும் அச்சேரியை எத்துணை அன்போடு வருணிக்கின்றார்! ஊரார் விட்ட மானிய நிலத்தில் உண்டு, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்து வாழ்கின்றார் நந்தனார். அவரை ஏவும் பண்ணையார் எவரும் அங்கில்லை.

ஆயினும் தில்லையில் பிறவி தடையாகிறது. கனவில் இறைவன் ஆணை பிறக்கத் தீயில் மூழ்குகின்றார். பூணூலணிந்த முனிவராய் எழுந்த பின்னரே உட்புகுந்து மறைகின்றார். எழுந்தபின் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் வேதியராகிய பண்ணையாரையும் 40 வேலி நிலத்தையும் சேர்த்தார். மூலத்தில் இல்லாதது என்பது மெய்யே. எனினும் அக்காலத் தஞ்சைப் பண்ணையாளின் துயரம் அக்கற்பனை வழியாகவே அரங்கேறியது என்பேன். தீயை மட்டும் அவரும் அகற்றவில்லை.

இப்பாடத்தை நான் நடத்திய நாளொன்றில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நந்தனார் இனித் திரும்பமாட்டார் என்று ஆதனூர்ச் சேரிக்கு யார் போய்ச் சொன்னார்கள்?” என வினவினான். நூலைப் புரட்டினேன், அதில் விடையில்லை.