கார் பெட்டரியும் கரண்ட் போன இரவுகளும்



"சேர், வீட்டுக்கு எந்த பெட்டரி வாங்கலாம்?" என்று இந்த மாதம் மட்டும் நான்கு பெற்றோர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் வரலாற்றோடு பதில் சொல்கிறேன்.

மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துக்காட்டினார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று நம் நல்லதண்ணி ஓடைகளின் நீரும் மவுசாகலையில் சேர்ந்து கெனியனில் கரண்ட் ஆகிறது. ஆனால் அந்தக் கரண்ட் பல லயன்களுக்கு வந்தது வெகு காலம் கழித்துத்தான். அதுவரை கார் பெட்டரிதான் துணை. 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை, வாப்பா மஸ்கெலியாவில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பெட்டரியில்தான் பார்த்தோம்.

அந்தப் பழக்கம் விடவில்லை. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த காலத்தில் நானும் கார் பெட்டரியே வாங்கினேன். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

காரணம் இதுதான். ஈய அமில பெட்டரியை 1859இல் பிரான்ஸ் நாட்டு பிளான்டே உருவாக்கினார். 1912இல் கடிலாக் கார், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மின் மோட்டாரைக் கொண்டுவந்தது. அந்த வேலைக்கென வந்த கார் பெட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில வினாடிகள் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே மீண்டும் சார்ஜ் ஆகவேண்டியவை. இரவு முழுக்க வடியவிட்டால் தகடு கெட்டுவிடும்.

வீட்டுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, தடித்த தகடுள்ள டியூபியூலர் பெட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்றால் 1200 வாட் மணி. பாதியை மட்டும் பாவித்தால் நீண்டகாலம் உழைக்கும். மூன்று 9 வாட் பல்பும் ஒரு ரவுட்டரும் சுமார் 12 மணித்தியாலம் ஓடும். கேத்தல், ரைஸ் குக்கர் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர் அளவை அடிக்கடி பாருங்கள்.

மற்றது லித்தியம் அயன் பொஸ்பேட். விலை கூட, ஆனால் 80 வீதம் வரை பாவிக்கலாம், பல மடங்கு காலம் வரும். அதற்குப் பொருந்தும் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

முக்கியமானது ஒன்று: ஈய அமில பெட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் ஐதரசன் வாயு வரும். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டுப் பிள்ளைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள இஸ்தோப்பில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம்.

நான் விட்ட பிழையை நீங்கள் விடவேண்டாம். காசு கொடுக்குமுன் கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது வாகனத்துக்கா, வீட்டுக்கா?"