வீட்டுக் கோளரங்க எறிகருவி

இருட்டிய அறையின் கூரையிலும் சுவர்களிலும் இரவு வானத்து விண்மீன்களை அவற்றுக்குரிய இடங்களில் ஒளிப்புள்ளிகளாக விழுத்திக் காட்டும் சிறு கருவி. பெருங் கோளரங்குகளில் உள்ள கருவியின் குறுவடிவமான இது, கடைகளில் ‘ஸ்ரார் புரொஜெக்டர்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. அழகுக்காக மட்டும் புள்ளிகளைச் சிதறவிடும் விளக்குகளுக்கும் அதே பெயர் வழங்குவதால், உண்மையான விண்மீன் அமைப்பைக் காட்டுபவையே இங்கு முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில், அதாவது வட அகலக்கோடு ஏறத்தாழ 9° 45′ இல், இருந்து வானம் பார்க்கும் வாசகரை மனத்திற்கொண்டு இக்கட்டுரை தொகுக்கப்பட்டது. இந்தக் கருவியின் வரலாற்றில் அகலக்கோடு சிறிய விடயமன்று. எந்த ஊர் வானத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே எந்த விண்மீன் அறைக்குள் வரும், எது வராது என்பது முடிவாகிறது.

அமைப்பு

இருவகை உண்டு. ஊசித்துளை வகையில் நடுவே ஒரு சிறு விளக்கு. அதைச் சுற்றி ஒளி புகாத ஓடு. ஓட்டில் விண்மீன்களுக்குரிய துளைகள். பிரகாசமான விண்மீனுக்குப் பெரிய துளை, மங்கியதற்குச் சிறியது. செய்வது எளிது, ஆனால் விளக்கின் இழை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குத்தான் புள்ளி கூராகும். இழை 1 மில்லிமீற்றர், துளை விளக்கிலிருந்து 10 சென்ரிமீற்றர், சுவர் 2 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், துளை எத்தனை நுண்ணியதாக இருந்தாலும் சுவரில் விழும் விண்மீன் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலமான ஒளித்திட்டாகவே இருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் பால்மா ரின்னின் அடியில் ஆணியால் துளையிட்டு, ரோச் லைற்றை உள்ளே பிடித்துச் செய்து பார்ப்பது இந்த வகையின் மிக எளிய உருவம். வான்படத்தை ரின்னின் வெளிப்புறத்தில் அப்படியே பதித்துத் துளைத்தால் சுவரில் வேடன் விண்மீன் கூட்டம் இடம் வலமாகப் புரண்டே விழும். படத்தைத் திருப்பி வைத்தே துளைக்க வேண்டும்.

வில்லை வகையில் விண்மீன்கள் பொறித்த தட்டின் பின்னால் விளக்கும், முன்னால் வில்லையும் இருக்கும். புள்ளிகள் கூர்மையாக விழும், செலவு கூடும்.

முன்னோடிகள்

வானத்தைக் கூரைக்குள் கொண்டுவரும் முயற்சி ஒளியெறிதலுக்கு முந்தியது. 17ஆம் நூற்றாண்டில் வடஜேர்மனியின் கொட்டோர்ப் அரண்மனையில் அமைந்த 3 மீற்றரைச் சற்றே தாண்டிய விட்டமுள்ள கோளத்தினுள் ஒரு சிறு குழு அமர்ந்து, சுழலும் உட்பரப்பில் விண்மீன்களைக் காணலாம். 1913 இல் சிக்காகோவில் வைக்கப்பட்ட அற்வூட் கோளத்தில் 692 துளைகள் வழியே வெளியொளி உள்ளே வந்து விண்மீன்களாயிற்று.

வீடு என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளில் பொருந்துவது நெதர்லாந்தின் பிரானேக்கர் ஊரில் ஐசே ஐசிங்கா செய்தது. கம்பளி வாருவதைத் தொழிலாகக் கொண்ட அவர், 1774 முதல் 1781 வரை உழைத்துத் தம் வீட்டு முன்னறையின் கூரையிலேயே கோள்களின் ஓட்டத்தை அமைத்தார். பல்சக்கரங்களின் பற்கள் கையால் அடித்த ஆணிகள். அவை ஏறத்தாழ 10,000. சனி ஒரு சுற்று முடிக்க 29 ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும், வானத்தில் எடுப்பதைப் போலவே. அலுமாரிக் கட்டிலின் மேற்பலகையில் ஊசலுக்காக வெட்டுப்போட மனைவி சம்மதிக்காததால் ஊசலைக் குறுக்கி, அதற்கேற்பச் சக்கரக் கணக்கைத் திருத்தினார் என்பர். 1774 மே மாதத்தில் மேட ராசியில் சந்திரனும் நான்கு கோள்களும் ஒன்றுகூடியபோது உலகம் குலையும் என்று பரவிய அச்சத்தைத் தெளிவிக்கவே அவர் இதைத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1962 பெப்ரவரியில் மகரத்தில் நிகழ்ந்த அட்டக்கிரகச் சேர்க்கையையும் அதற்காக இந்தியாவெங்கும் வளர்க்கப்பட்ட யாகங்களையும் அறிந்தோருக்கு இந்த அச்சம் புதிதன்று. ஐசிங்காவின் வீடு இன்றும் இயங்குகிறது. 2023 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில், ஒளியெறிதலுக்கு முந்திய அக்காலத்து வானியல் ஏட்டிலும் பஞ்சாங்கத்திலும் இருந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரி மேலைநாட்டு வானியலைப் பாடமாக்கியது. 1829 மார்ச் மாதச் சந்திரகிரகணத்தை முன்வைத்து, செமினரித் தலைவர் டானியல் பூவருக்கும் அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கத்துக்கும் இடையே எழுந்த கணிப்புப் போட்டி மிஷனரிமாரின் எழுத்துகளில் வெற்றிக்கதையாக வருகிறது. ஒரு தரப்பார் எழுதியதென்பதை மறவாமல் அதை வாசிக்க வேண்டும். பூவருக்குப் பின் தலைவரான ஹொய்சிங்டன் 1848 இல் வெளியிட்ட ‘ஒறியன்ரல் அஸ்ரோனொமர்’ உள்ளூர்க் கணித முறையை மதித்தே விளக்க முயல்கிறது. செமினரி 1855 இல் மூடப்பட்டது. பஞ்சாங்கம் நிலைத்தது: கொக்குவில் வாக்கியமும் மட்டுவில் திருக்கணிதமும் கிரகங்களின் நேரத்தில் வேறுபடுவதும், எதைப் பின்பற்றுவதென்று வீடுகளில் பேச்சு எழுவதும் இன்றும் உண்டு.

ஜேனா, 1923

ஒளியை எறிந்து வானம் காட்டும் கருவி ஜேனா நகரின் கார்ல் சைஸ் தொழிற்சாலையில் பிறந்தது. மியூனிக் ஜேர்மன் அருங்காட்சியகத்தை நிறுவிய ஒஸ்கார் பொன் மில்லர் கேட்டது, பார்வையாளர் உள்ளே நின்று பார்க்கக்கூடிய சுழலும் கோளம். கோளத்தை அசையாமல் விட்டு ஒளியைச் சுழற்றலாம் என்ற எண்ணம் பொறியியலாளர் வால்தர் பவர்ஸ்பெல்ட்டினுடையது. முதற்காட்சியின் நாளைச் சிலர் தொழிற்சாலைக் கூரையில் அமைத்த 16 மீற்றர்க் குவிமாடத்தில் நடந்த 1923 ஓகஸ்ட் காட்சியாகவும், சிலர் அதே ஆண்டு ஒக்ரோபர் 21 இல் மியூனிக்கில் நடந்ததாகவும் கொள்வர். நிலையான திறப்பு 1925 மே மாதத்தில் நடந்தது.

அந்த முதற்கருவி 4,500 விண்மீன்களைக் காட்டியது. ஆனால் மியூனிக்கின் அகலக்கோட்டு வானத்தை மட்டுமே. அங்கு அகத்திய விண்மீன் அடிவானத்துக்கு மேல் வருவதேயில்லை. சுன்னாகத்தில் அது உச்சம் கொள்ளும்போது தென்வானில் 27 பாகைக்கு மேல் நிற்கும். தென்சிலுவையின் அடிமீன் 17 பாகை வரை உயரும். துருவ விண்மீனோ வடக்கே பனைவட்டுகளின் மட்டத்தில், 10 பாகை உயரத்தில், அநேகமாக மறைந்தே கிடக்கும். எந்த அகலக்கோட்டு வானத்தையும் காட்டவல்ல கருவி வால்தர் வில்லிகரின் திருத்தத்தோடு, 1920களின் நடுப்பகுதியில் வந்தது. இரு முனைகளிலும் வடவானத்துக்கொன்று தென்வானத்துக்கொன்றாக இரு கோளங்கள், நடுவே கோள்களுக்கான கூண்டு. ஏறத்தாழ 8,900 விண்மீன்கள். அடிவானத்துக்குக் கீழே இறங்கும் விண்மீன்களின் ஒளி பார்வையாளர் கண்ணில் படாதிருக்க, புவியீர்ப்பால் தானே விழுந்து மூடிக்கொள்ளும் இமைகள் அதில் இருந்தன. கருவி எந்தப் பக்கம் புரண்டாலும் கீழ்நோக்கிய இமைகள் தாமே மூடும். பின்வந்த வீட்டுக் கருவிகளில் இந்த இமைகள் இல்லாததால், விண்மீன்கள் சுவர் வழியே வழிந்து கதிரையிலும் தரையிலும் விழும்.

ஸ்பிட்ஸ்

சைஸ் கருவி நகராட்சிகளுக்கும் அரசுகளுக்கும் உரியது. அதைப் பாடசாலைக்கும், பின்னர் வீட்டுக்கும் இறக்கியவர் அமெரிக்கரான ஆர்மண்ட் ஸ்பிட்ஸ் (1904–1971). பத்திரிகையாளரான அவர் தாம் நடத்திய செய்தித்தாள் பொருளாதார மந்தத்தில் வீழ்ந்தபின், பிலடெல்பியாவின் பெல்ஸ் கோளரங்கில் விரிவுரையாளரானார். வந்து பார்ப்போரின் ஆர்வத்தையும், ஊருக்கொரு சைஸ் கருவி வாங்க முடியாத நிலைமையையும் ஒருங்கே கண்டவர். வளைந்த கோளத்தில் துளையிடுவது செலவான வேலை. தட்டையான முகங்களைப் பொருத்தி ஏறத்தாழக் கோளமாக்கினால் ஒவ்வொரு முகத்தையும் மேசையில் வைத்தே துளைக்கலாம். அவர் தெரிவுசெய்தது ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு கொண்ட உருவம். இந்த யோசனையைச் சொன்னவர் ஐன்ஸ்டைன் என்ற கதை பல நூல்களில் வருகிறது. மரபுக்கதையாகக் கொள்வதே தகும். 1947 இல் ஹாவார்ட் வானாய்வகத்தில் காட்டப்பட்ட இக்கருவி 500 டொலருக்கு விற்பனைக்கு வந்தது.

அதன் புள்ளிகள் சைஸ் கருவியினதைப் போல் கூரல்ல. ஆயினும் வகுப்பறையில் விளக்கை அணைத்ததும் பிள்ளைகள் கண்டது வானத்தைத்தான். 1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவ, மறு ஆண்டே அமெரிக்காவில் விஞ்ஞானக் கல்விக்கு அரசு நிதி பெருகியது. ஸ்பிட்ஸ் கருவிகள் பாடசாலைகளில் பரவின. செயற்கைக்கோள்களைக் கண்காணித்த பொதுமக்கள் குழுக்களின் ‘மூன்வாச்’ திட்டத்தை ஒருங்கிணைத்தவரும் ஸ்பிட்ஸ்தான். 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்த ‘ஸ்பிட்ஸ் ஜூனியர்’ 15 டொலர் அளவில் விற்ற பிளாஸ்ரிக் கோளம். வீட்டுக் கோளரங்கம் விற்பனைப் பொருளானது இதிலிருந்தே எனலாம்.

தெற்காசியாவில்

ஸ்பிட்ஸ் கருவி இந்தியாவுக்கு வந்தது 1954 இல். பூனாவின் நியூ இங்கிலிஷ் பாடசாலையில் அவ்வாண்டு செப்ரெம்பரில் திறக்கப்பட்ட குசும்பாய் மோதிசந்த் கோளரங்கம் ஆசியாவின் முதலாவது என்று சில குறிப்புகள் சொல்லும். 1937 இலேயே ஒசாகாவில் சைஸ் கருவி இயங்கியதால், இந்தியாவின் முதலாவது என்பதே பாதுகாப்பான கூற்று. கல்கத்தாவின் பிர்லா கோளரங்கம் 1962 இல் காட்சிகளைத் தொடங்கியது, 1963 இல் நேரு முறைப்படி திறந்தார். இரு ஆண்டுகளும் தொடக்க ஆண்டாக எழுதப்படுவதற்குக் காரணம் இதுவே. சென்னை கோட்டூர்புரத்துக் கோளரங்கம் 1988 இல் வந்தது.

இலங்கையில் கொழும்புக் கோள்மண்டலம் 1965 கைத்தொழிற் கண்காட்சிக்காக எழுந்தது. கட்டியது அரச பொறியியற் கூட்டுத்தாபனம். வடிவமைப்பின் தலைவர் முன்தகைப்புக் கொங்கிறீற்றில் நாட்டின் முன்னோடியான ஏ. என். எஸ். குலசிங்க. உள்ளே நிறுவப்பட்டது அன்றைய கிழக்கு ஜேர்மனியின் ஜேனாவிலிருந்து வந்த சைஸ் கருவி. நெடுங்காலம் நாட்டின் ஒரேயொரு கோளரங்கம் அதுவே. சுன்னாகத்துப் பிள்ளைகளுக்கு அது 400 கிலோமீற்றர் அளவு தொலைவு. 1956 முதல் ஓடிய யாழ்தேவி ரயிலில் ஒரு பகற்பயணம்.

1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் யாழ்தேவி நின்றது, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பற்றரி தடைப்பொருளானது. சிறு விளக்கொன்றும் பற்றரியும் இல்லாமல் எந்த வீட்டுக் கருவியும் இயங்காது. மண்ணெண்ணெயைச் சிக்கனம்பிடித்து ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்த அந்த ஆண்டுகளில், வீதி விளக்கின் கலப்பில்லாத வானம் ஒவ்வொரு முற்றத்துக்கு மேலும் இருந்தது. குண்டுவீச்சு விமானத்துக்கு அஞ்சி நிமிர்ந்த கண்களுக்கும் அதே வானம்தான். ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 சனவரியில் சுன்னாகத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரையும் மீண்டது.

ஒஹிராவும் பின்பும்

வில்லை வகையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யப்பானியரான தக்கயுக்கி ஒஹிரா (பி. 1970). சிறுவயதில் ஊசித்துளைக் கருவிகளைச் செய்து பழகி, 1991 இல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே வில்லைக் கருவியைத் தனியாளாகச் செய்து முடித்தார். 1998 இல் அவரது ‘மெகாஸ்ரார்’ 17 இலட்சம் விண்மீன்களைக் காட்டியது. தனித்தனியே கண்ணுக்குப் பிடிபடாத அந்தப் புள்ளிகளால் பால்வழி வெறும் மங்கற் பூச்சாக இல்லாமல் விண்மீன் திரளாகவே கூரையில் விழுந்தது. சேகா ரோய்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் 2005 இல் வெளியிட்ட ‘ஹோம்ஸ்ரார்’ கைக்கு அடக்கமான உருண்டை. மாற்றக்கூடிய தட்டில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள். யப்பானிய வீட்டுக்கெனச் செய்யப்பட்டதால் அதனோடு வருவது வடவானத் தட்டு. சுன்னாகத்திலிருந்து ஆண்டு முழுதும் தெரியும் வானத்தை ஒரே தட்டில் பெற முடியாது. தென்வானத் தட்டையும் சேர்க்க வேண்டும். ஓட்டு வீடுகளின் சாய்கூரையும் வளைமரங்களும் விண்மீன்களை உடைத்துக் காட்டும். வெள்ளையடித்த தட்டைக் கூரையோ, இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியோ வேண்டும்.

அண்மைக் காலத்தில் சந்தையை நிறைத்திருப்பவை பச்சை லேசர்ப் புள்ளிகளும் நீல முகிலும் காட்டும் மலிவான ‘கலக்ஸி’ விளக்குகள். அவற்றில் கார்த்திகையும் இல்லை, திருவாதிரையும் இல்லை; லேசர்க் கதிரைப் பிள்ளைகள் நேரே பார்க்க விடக்கூடாது. மறுபுறம், இலவச மென்பொருளான ஸ்ரெல்லேரியத்தில் ஊரின் அகலக்கோட்டைக் கொடுத்து, சாதாரணப் புரொஜெக்டரின் ஒளியைக் குவிவாடியில் பட்டுத் தெறிக்கவிட்டால் கூரை முழுவதும் வானத்தை விரிக்கலாம்.