கல்லின்மேல் ஒரு தோல்

தார்ச்சாலை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இன்று சாலைக்கு இடுகின்ற கரிய பொருள் தார் அன்று. தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. இதுவோ கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் பிற்றுமன். ஆயினும் வழக்கை மீற மனமின்றி நானும் தார் என்றே சொல்கிறேன்.

இந்தத் தாருக்குப் பெரும்பகை நீர். கருங்கல் ஜல்லிக்குத் தாரைவிட நீரின்பால் பற்று மிகுதி. மழைக்காலத்தில் நுண்ணிய வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து, இரண்டையும் பிரித்துவிடுகிறது. பிறகு லாரிகளின் சக்கரங்கள் ஏற ஏற ஜல்லி பெயர்கிறது, குழி பிறக்கிறது. இரவில் அக்குழியில் விழுந்து உயிரிழப்போரும் உண்டு.

தாரில் பாலிமர்களைக் கலந்து வலுவூட்டும் முறை மேல்நாடுகளில் முன்பே இருந்தது. ஆனால் அவை விலை கொடுத்து வாங்கும் பொருள்கள். குப்பையிலுள்ள பிளாஸ்டிக் பைகளைத் தாரில் இட்டாலோ, செவ்வனே கலவாமல் பிரிந்து மேலே மிதக்கும்.

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் தாரை விட்டுக் கல்லைப் பிடித்தார். ஜல்லியை ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுவது அவர் கண்ட முறை. துணுக்குகள் நொடிப்பொழுதில் உருகி, ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய தோலாகப் படிகின்றன. அதன் பின்னரே காய்ச்சிய தாரைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக்கும் தாரும் ஒரே எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இறுகப் பற்றிக்கொள்கின்றன. நீர் நுழைய இடம் குறைகிறது. தாரிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு மிச்சம். சாலைப் பொறிஞரின் கண்ணுக்குக் கல் வெறும் கல். பிடிப்பு எங்கே அறுகிறது என்று வினவ ஒரு வேதியியலார் வேண்டியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-இலும், ஈரோட்டில் 2003-இலும், மதுரையில் 2004-இலும் இத்தகைய சாலைகள் போடப்பட்டன. இவற்றை ஆராய்ந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை 2008-இல் வெளிவந்தது. அச்சாலைகள் குழி விழாமல் நின்றிருந்தன. 2013-இல் இந்தியச் சாலைகள் பேரவை இதற்கென நெறிமுறைகளை வகுத்தது. பேராசிரியருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. பி.வி.சி. சூட்டில் நச்சு வாயுவை உமிழும். நெறிமுறைகள் அதனை விலக்குகின்றன. ஆகவே குப்பையைத் தரம் பிரித்து, கழுவி, உலர்த்தி, பிறகுதான் நறுக்க வேண்டும். இந்தப் புதுமையில் மிகக் கடினமான வேலை கலவை ஆலையில் இல்லை; குப்பைக் கிடங்கில், கையால் பிரிப்போரிடம் இருக்கிறது.