நம் தோப்புப் பக்கம் யானை வந்த கதை

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் உங்களில் சிலருக்கு மாந்தோப்பு இருக்கிறது, ஷூ கம்பெனியில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கியது. "எங்க தாத்தா காலத்தில் இங்கே ஏது யானை?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். எல்லைக்கு அப்பால் சித்தூர் காடுகளில் ஏறக்குறைய 200 ஆண்டுகளாக யானையே இல்லை. 1980-களில்தான் ஓசூர், கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டங்கள் கிழக்கே நகர்ந்து வந்தன. 1990-ல் ஆந்திர அரசு அங்கே கௌண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. யானைக்கு மாநில எல்லை தெரியுமா? மோர்தானா பக்கமாக இறங்கிவிடுகிறது.

ஜவ்வாது மலைப் பக்கம் போனவற்றின் கதை வேறு. 2013-ல் திருவண்ணாமலை மாவட்டத்தில் 6 யானைகளுக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். பிடித்ததோடு முடியவில்லை. சிலவற்றை முதுமலை முகாமில் வைத்துப் பழக்கினார்கள், அவை கும்கிகளாகிவிட்டன. இனி ஆயுளுக்கும் தீனியும் பாகனும் வேண்டும். காடு திரும்ப வழியில்லை.

மாங்காய் சீசனில் வேலிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது குற்றம், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் ஆளும் அதே கம்பியைத்தான் தாண்ட வேண்டும். வனச்சரக அலுவலக நம்பரைத் தோப்புக் காவலரிடம் இப்போதே கொடுத்து வையுங்கள்.