கேட்கத் தெரிந்த நிரல்கள்

அலைபேசியில் நாளைய வானிலையைப் பார்க்கிறீர்கள். அப்போது உங்கள் கையிலுள்ள செயலி, தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்குக் கேள்வி அனுப்பிப் பதிலைப் பெறுகிறது. இவ்வாறு ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் கேட்பதற்கென வகுக்கப்பட்ட முறைக்கு ‘ஏ.பி.ஐ.’ என்று பெயர். வங்கியில் பணம் எடுக்க நாம் பெட்டக அறைக்குள் செல்வதில்லை. படிவத்தை நிரப்பிக் கவுண்ட்டரில் நீட்டுகிறோம். ஏ.பி.ஐ.யும் அத்தகைய கவுண்ட்டரே.

கேள்வியை அனுப்புவது எளிது. பதில் வராவிட்டால் என்ன செய்வது? எவ்வளவு நேரம் காத்திருப்பது? மறுபடி கேட்கலாமா? இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் புதிதாக எழுதாமல், முன்பே எழுதிச் சோதித்த நிரல்களின் தொகுப்பைப் பயன்படுத்துகின்றனர். அதுவே நிரல் நூலகம். அதன் வரலாறு இணையத்தைவிட மூத்தது.

காகித நாடா நூலகம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணிப்பொறி, 1949-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. பல கணக்குகளில் ஒரே படிகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால், ஒவ்வொரு முறையும் புதிய பிழைகள் நுழையும். எனவே வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் பொதுவான துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, நூலகத்தைப் போல் வகைப்படுத்தி வைத்தனர். 1951-இல் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன.

அவற்றுள் ஒருவகையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் ரங்கே-குட்டா முறையைக் கில் நிரலாக்கினார். தீர்க்கும் முறை எல்லார்க்கும் ஒன்றே. சமன்பாடுதான் வேறு வேறு. ஊசலை ஆராய்பவரின் சமன்பாடு, கோளை ஆராய்பவருக்கு உதவாது. ஆகவே, சமன்பாட்டைக் கணிக்கும் சிறு நிரலை மட்டும் பயன்படுத்துபவரே எழுதிச் சேர்க்க வேண்டும். தேவைப்படும்போதெல்லாம் நூலகம் அதை அழைத்துக்கொள்ளும். பொதுவானதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாததற்கு இடம் விட்டுவைப்பது! ‘நீட்டிக்கத்தக்க நூலகம்’ என்று இன்று கூறுவதன் கரு இதுவே.

வலைக்கு வந்த நூலகம்

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலையின் திட்டத்தை முன்வைத்தார். செர்ன் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அதன் நிரல்களைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. அந்த ஆவணத்தில் மூன்று பொருள்கள் குறிக்கப்பட்டிருந்தன: கேட்கும் நிரல், பதில் தரும் நிரல், பொது நிரல் நூலகம். தொடக்கத்திலேயே நூலகத்துக்குத் தனியிடம் கிடைத்தது காண்க.

சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க், நாணயமாற்று விகிதங்களை வலையிலிருந்து தானாகவே பெற விரும்பி, 1996-இல் ஒரு சிறு நிரலைக் கையிலெடுத்தார். அது வளர்ந்து 1998-இல் ‘கர்ல்’ என்று பெயர் பெற்றது. 2000-இல் ‘லிப்கர்ல்’ என்னும் நூலகமாகவும் வெளிவந்தது. பதில் வந்து சேர்ந்ததும் அதை என்ன செய்வது என்று லிப்கர்லுக்கு நீங்களே சொல்லலாம். அதற்கான சிறு நிரலை எழுதிக் கொடுத்தால், நூலகம் அதை அழைக்கும். கில் விட்டுவைத்த அதே வெற்றிடம்!

மறுமுறை கேட்பதன் ஆபத்து

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், சுமார் 400 கெஜம் தொலைவிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தகவல் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுந்துவிடவில்லை. நெரிசலில் தொலைந்த தகவல் பொட்டலங்களைக் கணிப்பொறிகள் பொறுமையின்றித் திரும்பத் திரும்ப அனுப்பியதால் நெரிசல் மேலும் முற்றியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988-இல் ஒரு தீர்வு வெளியிட்டார். இயற்பியல் மாணவர்க்குப் பழக்கமான அழியாமை விதியைப் போன்றது அது: நிலையான ஓட்டத்தில், பழைய பொட்டலம் ஒன்று வெளியேறிய பின்னரே புதியது உள்ளே செல்ல வேண்டும்.

இந்தப் பொறுமையை வலைக் கேள்விகளிலும் காணலாம். மறுமுயற்சி செய்யுமாறு பணித்தால், கர்ல் முதலில் 1 நொடி காத்திருக்கும். பிறகு 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 10 நிமிடம் வரை செல்லும். ஆனால் நாம் பணித்தால் மட்டுமே அவ்வாறு செய்யும். ஏன்?

வானிலையை இருமுறை கேட்பதால் கேடில்லை. ‘ஆயிரம் ரூபாய் அனுப்பு’ என்பதை இருமுறை கேட்டால்? முதல் கேள்வி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது பணம் இருமுறை போய்விடும். 1997-இல் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, திரும்பச் செய்தாலும் விளைவு மாறாத கேள்விவகைகளைத் தனியே பிரித்துக் காட்டியது இக்காரணம் பற்றியே.

நிரல் எழுதும் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். எவ்வளவு காத்திருப்பது என்பதை நூலகம் அறியும்; அது பலருடைய அனுபவத்தால் விளைந்த அறிவு. இந்தக் கேள்வியை மறுபடி கேட்கலாமா என்பதை நூலகம் அறியாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவர் நீங்களே.